ஆசியாவுக்கு எட்டரை இடம்: உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று சுலபமாகிவிட்டதா?

கேள்வியில் இரண்டு பங்கு இருக்கிறது. உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆசியாவுக்கு நாலரை இடம் இருந்தது எட்டரை ஆகிவிட்டதே, இனித் தகுதிச் சுற்றுக்கு என்ன மதிப்பு என்பது ஒன்று. இவ்வளவு இடம் கொடுத்தும் இந்தியாவால் ஏன் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் கடைசிச் சுற்றில் நடந்த உயிர்ப் போராட்டம் இப்போது இரண்டாம் சுற்றுக்கே இறங்கி வந்துவிட்டது. அங்கே ஒரு கோல், ஒரு கவனக் குறைவு, ஒரு நடுவரின் விசில் போதும், நாலு வருடம் போய்விடும். இந்தியா விழுந்ததும் அங்கேதான்.

2026-க்கான ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வரும் கணக்கு புரியாது. மொத்தம் 46 நாடுகள். தரவரிசையில் பின்தங்கிய 20 அணிகள் 2023 அக்டோபரில் ஜோடி ஜோடியாக மோதின. வென்ற பத்தோடு நேரடியாக வந்த 26-ம் சேர்ந்து 36 அணிகள் இரண்டாம் சுற்றில், நான்கு நான்காக ஒன்பது பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள் மேலே போக, மூன்றாம் சுற்றில் 18 அணிகள், ஆறு ஆறாக மூன்று பிரிவுகள். அதில் முதல் இரண்டு இடம் பிடித்த ஆறு அணிகளுக்கு நேரடி டிக்கெட். மூன்றாவது, நான்காவது வந்த ஆறு அணிகளும் நான்காம் சுற்றில் மும்மூன்றாக இரண்டு பிரிவுகளில் ஆடி, பிரிவுக்கு ஒன்று உள்ளே போகும். அங்கே இரண்டாவது வந்த இரண்டு அணிகள் ஐந்தாம் சுற்றில் மோதும். ஜெயித்த அணி மற்றக் கண்டங்களின் அணிகளோடு பிளே-ஆஃப் ஆடப் போகும். 'அரை' என்று சொல்வது இதைத்தான். அந்தப் பிளே-ஆஃபில் ஆறு அணிகள் இரண்டு இடத்துக்கு மோதுவதால் கணக்குப்படி அது அரைகூடக் கிடையாது, மூன்றில் ஒரு பங்கு.

இந்தப் பாதை எவ்வளவு நீளம் என்று தெரிய இந்தோனேசியாவைப் பார்த்தால் போதும். 2023 அக்டோபர் 12 அன்று புருனேயை 6-0 என்று வென்று தொடங்கினார்கள். 2025 அக்டோபர் 11 அன்று ஜெட்டாவில் ஈராக்கிடம் 0-1 என்று தோற்று முடித்தார்கள். மொத்தம் இருபது ஆட்டம். சவூதி அரேபியாவை ஜகார்த்தாவில் 2-0 என்று மடக்கிய அணி அது. அப்படியும் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

மேல்தட்டு அணிகளுக்குப் பாதை எளிதாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜப்பான் இரண்டாம் சுற்றின் ஆறு ஆட்டங்களையும் வென்றது. 24 கோல், வாங்கியது பூஜ்யம். அந்தக் கோல்களில் மூன்று, வட கொரியா தன் மண்ணில் ஆட்டத்தை நடத்த முடியாததால் தீர்ப்பாகக் கிடைத்தவை. மூன்றாம் சுற்றில் 30 கோல் போட்டு மூன்றே மூன்று வாங்கியது. 2025 மார்ச் 20 அன்று சைதாமாவில் பஹ்ரைனை 2-0 என்று வென்றபோது, போட்டியை நடத்தும் மூன்று நாடுகளுக்கு அடுத்து உலகிலேயே முதலில் தகுதி பெற்ற அணியாக நின்றது. தென் கொரியா 1986 முதல் ஒரு முறைகூடத் தவறாமல் பதினோராவது தடவையாகப் போகிறது. இவர்களுக்கு நாலு இடம் இருந்தாலும் ஒன்றுதான், எட்டு இருந்தாலும் ஒன்றுதான்.

ஆனால் ஜப்பானுக்கே ஒரு காலத்தில் இது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1966-ல் ஆசியா, ஆப்பிரிக்கா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு இடம். ஆப்பிரிக்க நாடுகள் அதை எதிர்த்து ஒட்டுமொத்தமாக விலகின. ஆஸ்திரேலியாவை நோம்பென்னில் 6-1, 3-1 என்று இரண்டு முறை அடித்துப் போன வட கொரியா, இங்கிலாந்தில் இத்தாலியையே 1-0 என்று சாய்த்துக் காலிறுதிக்குப் போனது. ஒற்றை இடம் கொடுத்தவர்களுக்கு அதைவிட நல்ல பதில் இருக்க முடியாது. அப்படியும் இடம் கூட நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவில் நடந்த 1994 உலகக் கோப்பைக்குக்கூட ஆசியாவுக்கு இரண்டே இடம்தான்.

அந்த இரண்டு இடத்துக்கு ஆறு அணிகள் 1993 அக்டோபரில் தோஹாவில் கூடின. கடைசி நாள், அக்டோபர் 28. ஈராக்குக்கு எதிராக ஜப்பான் 2-1 என்று முன்னிலை. ஜெயித்தால் அவர்களுக்கு வரலாற்றில் முதல் உலகக் கோப்பை. 90 நிமிடம் முடிந்தாகிவிட்டது. ஈராக்குக்கு ஒரு கார்னர். நேராகத் தூக்கி அடிப்பார்கள் என்று எல்லோரும் பெட்டிக்குள் காத்திருக்க, அவர்கள் அதைக் குட்டையாகத் தட்டி, பிறகு உள்ளே அனுப்பினார்கள். ஜாஃபர் ஓம்ரான் தலையால் முட்டிய பந்து கோல்கீப்பரைத் தாண்டி மெல்ல வளைந்து உள்ளே போனது. 2-2. ஜப்பான் வீரர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். புள்ளி சமமாகி, கோல் வித்தியாசத்தில் தென் கொரியா அமெரிக்கா போனது. அன்று ஜப்பானின் நடுக்களத்தில் ஆடிய ஹாஜிமே மொரியாசுதான் இன்று அந்த அணியின் பயிற்சியாளர். 2022-ல் அதே தோஹாவுக்கு அணியோடு வந்து ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வென்றார். ஜப்பானியர் அந்த 1993 இரவை 'தோஹா சோகம்' என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள்.

என்னைக் கேட்டால், தகுதிச் சுற்றின் முழுக் கதையும் உஸ்பெகிஸ்தானின் இருபது வருடத்தில் இருக்கிறது. 2005 செப்டம்பர் 3, தாஷ்கண்ட். 2006 உலகக் கோப்பைக்காக பஹ்ரைனுக்கு எதிரான பிளே-ஆஃபின் முதல் ஆட்டம். உஸ்பெகிஸ்தான் 1-0 என்று முன்னிலையில் இருக்கும்போது ஒரு பெனால்டி. செர்வெர் ஜெபாரோவ் அடித்தார், கோல். ஆனால் பந்தை அடிக்கும் முன்பே சக வீரர் ஒருவர் பெட்டிக்குள் கால் வைத்துவிட்டார். அப்படியானால் பெனால்டியைத் திரும்ப அடிக்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. ஜப்பானிய நடுவரோ பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. ஜெயித்த உஸ்பெகிஸ்தான் சும்மா இருக்கவில்லை. விதி மீறப்பட்டது, எங்களுக்கு 3-0 என்று தீர்ப்புக் கொடுங்கள் என்று புகார் செய்தது. நடுவர் தவறு செய்தார் என்பதை ஃபிஃபா ஏற்றுக்கொண்டது. ஆனால் 3-0 கொடுக்கவில்லை. ஆட்டத்தையே ரத்து செய்து, மறுபடி ஆடுங்கள் என்றது. மறு ஆட்டம் 1-1. பஹ்ரைனில் நடந்த இரண்டாவது ஆட்டம் 0-0. வெளியூரில் போட்ட கோலின் கணக்கில் பஹ்ரைன் மேலே போனது. அந்தப் பழைய 1-0 அப்படியே நின்றிருந்தால் உஸ்பெகிஸ்தான்தான் போயிருக்கும்.

துரதிர்ஷ்டம் அதோடு விடவில்லை. 2013 ஜூனில் கடைசி நாளில் கத்தாரை 5-1 என்று அடித்தும், தென் கொரியாவும் உஸ்பெகிஸ்தானும் 14 புள்ளியில் சமம். கோல் வித்தியாசம் கொரியாவுக்கு 6, இவர்களுக்கு 5. பிளே-ஆஃபில் எதிரே வந்தது ஜோர்டான். அம்மானில் 1-1, தாஷ்கண்டில் 1-1, பெனால்டி ஷூட்-அவுட்டில் 9-8 என்று ஜோர்டான் வென்றது. அந்த ஜோர்டானும் அடுத்த கட்டத்தில் உருகுவேயிடம் சொந்த மண்ணிலேயே 0-5 என்று தோற்றுப் போனது. 2017 செப்டம்பரில் மறுபடி தாஷ்கண்ட், மறுபடி தென் கொரியா. ஜெயித்திருந்தால் ரஷ்யாவில் நடந்த 2018 உலகக் கோப்பைக்கு டிக்கெட். 0-0.

இப்போது 2025 ஜூன் 5-க்கு வாருங்கள். அபுதாபியில் அமீரகத்துக்கு எதிராக உஸ்பெகிஸ்தானுக்கு ஒரு டிரா போதும். கோல்கீப்பர் உத்கிர் யூசுபோவ் ஒவ்வொரு பந்தாகத் தட்டித் தட்டி 0-0 என்று காப்பாற்றிக் கொடுத்தார். முதல் உலகக் கோப்பை. அதே நாளில் மஸ்கட்டில் ஓமனுக்கு எதிராக அலி ஒல்வான் ஹாட்ரிக் அடிக்க, 3-0 என்று வென்ற ஜோர்டானும் தன் முதல் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 2013-ல் பெனால்டி ஷூட்-அவுட் வரை மோதிக்கொண்ட இரண்டு அணிகளும் ஒரே நாளில் உள்ளே போயின. அன்று என் கண் கலங்கியது என்பதை மறைக்க மாட்டேன்.

இடம் கூடியதால்தானே இவர்கள் வந்தார்கள் என்று கேட்பீர்கள். கதவு அகலமானது உதவியாகத்தான் இருந்தது. ஆனால் உஸ்பெகிஸ்தான் மூன்றாம் சுற்றின் பத்து ஆட்டத்தில் ஒரே ஒரு தோல்வியோடு 21 புள்ளி எடுத்தது. ஈரானைவிட இரண்டுதான் குறைவு. 2018-ல் 23 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை, 2023-ல் 20 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை, 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் என்று கீழிருந்து ஏறி வந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களில் ஒருவரான அப்துகோதிர் ஹுசானோவை மான்செஸ்டர் சிட்டி வாங்கியது. ஜோர்டானும் தகுதிக்குப் பதினாறு மாதம் முன்பே ஆசியக் கோப்பை இறுதிப் போட்டி வரை போய்வந்த அணி.

இரண்டாம் சுற்று எப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்பதற்கு 2024 ஜூன் 11-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த மாலை சியோலில் சீனா தென் கொரியாவிடம் 0-1 என்று தோற்றுவிட்டது. பாங்காக்கில் தாய்லாந்து சிங்கப்பூரை மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் சீனா வெளியே. சிங்கப்பூருக்கு அந்த ஆட்டத்தில் இழக்க எதுவும் இல்லை, ஏற்கெனவே வெளியேறியாகிவிட்டது. ஆனால் அவர்களின் கோல்கீப்பர் ஹசன் சன்னி, நாற்பது வயதுக்காரர், பதினோரு பந்துகளைத் தடுத்தார். ஆட்டம் 3-1. தாய்லாந்துக்கு இன்னும் ஒரே ஒரு கோல் தேவைப்பட்டது. பட்டியலைப் பார்த்தால் சீனா, தாய்லாந்து இரண்டும் 8 புள்ளி. போட்டது ஒன்பது, வாங்கியது ஒன்பது, அதுவும் சமம். கடைசியில் இருவரும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களின் கணக்கில் சீனா போனது. ஹசன் சன்னி சிங்கப்பூரில் டெம்பனிஸ் பகுதியில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடை வைத்திருக்கிறார். மறுநாளே சீன ரசிகர்கள் அங்கே வரிசை கட்டினார்கள். வர முடியாதவர்கள் கடையின் கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்துப் பரப்பி, சீனாவிலிருந்தே பணம் அனுப்பினார்கள். அவர் அனுப்புவதை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. தன் ஊருக்கு ஒரு பயனும் இல்லாத ஆட்டத்தில் ஒரு மனிதர் வேலையை ஒழுங்காகச் செய்ததால் இன்னொரு நாடு பிழைத்தது. மூன்றாம் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே ஜப்பான் சீனாவை 7-0 என்று அடித்தது வேறு விஷயம்.

சொந்த மைதானமே இல்லாமல் ஆடும் அணிகளையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆப்கானிஸ்தானின் 'சொந்த' ஆட்டம் சவூதியின் அப்ஹாவில் நடந்தது. வட கொரியா லாவோஸின் வியன்டியானில் ஆடியது. பாலஸ்தீனம் கோலாலம்பூர், தோஹா, அம்மான் என்று அலைந்தது. அப்படி அலைந்துகொண்டே சியோலில் தென் கொரியாவை 0-0 என்று நிறுத்தினார்கள், அம்மானில் 1-1. கடைசி ஆட்டத்தில் ஓமனை வென்றால் நான்காம் சுற்று. 1-0 என்று முன்னிலை, எதிரணிக்குப் பத்துப் பேர்தான் மிச்சம். 97-வது நிமிடம் ஓமனுக்கு ஒரு பெனால்டி. 1-1. ஓமனுக்கு 11 புள்ளி, பாலஸ்தீனத்துக்கு 10.

நான்காம் சுற்றைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நடுநிலை மைதானத்தில் நடக்க வேண்டியதை, போட்டியில் இருந்த கத்தாருக்கும் சவூதிக்குமே கொடுத்தார்கள். அந்த இரண்டு அணிகளும் அக்டோபர் 8-ல் ஒன்று, 14-ல் ஒன்று ஆடின. ஈராக்கும் அமீரகமும் 11-ல் ஆடிவிட்டு இடையில் இரண்டே நாள் இளைப்பாறி 14-ல் இறங்கின. இடம் கொடுத்த இரண்டு அணிகளும்தான் தகுதி பெற்றன. சவூதி, ஈராக் இரண்டும் நான்கு புள்ளி, கோல் வித்தியாசமும் ஒன்றே. இந்தோனேசியாவை சவூதி 3-2 என்று வென்றிருந்தது, ஈராக் 1-0 என்று. அதிகக் கோல் போட்டது சவூதி என்பதால் அது போனது. கோலே வாங்காத ஈராக் நின்றது. விதிப்படி சரிதான். ஆனால் நாள் ஒதுக்கியது நியாயம் என்று யாராவது சொன்னால் ஏற்க என் மனம் இடம் தராது.

இப்போது இந்தியா. இரண்டாம் சுற்றில் கத்தார், குவைத், ஆப்கானிஸ்தானோடு ஒரே பிரிவு. முதல் இரண்டில் வந்தால் போதும். கத்தார் எப்படியும் முதலிடம் என்று வைத்துக்கொண்டால், குவைத்தைத் தாண்டுவதுதான் வேலை. தொடக்கம் பிரமாதம். 2023 நவம்பரில் குவைத் மண்ணிலேயே மன்வீர் சிங் கோலால் 1-0 வெற்றி.

நம்மவர்கள் எல்லோருக்கும் நினைவில் நிற்பது கடைசி ஆட்டம், 2024 ஜூன் 11, தோஹா. மேலே சொன்ன பாங்காக் ஆட்டம் நடந்த அதே நாள். நம் முன்கள வீரர் சாங்தே 37-வது நிமிடத்தில் கோல் போட்டார். அந்த முன்னிலை நின்றிருந்தால் இந்தியா மூன்றாம் சுற்றில். 73-வது நிமிடம், கத்தார் வீரர் முட்டிய பந்தை நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் விழுந்து தடுத்தார். பந்து உருண்டு கோட்டைத் தாண்டி வெளியே போனது. கார்னர்தான் என்று நம் வீரர்கள் நின்றுவிட்டார்கள். கத்தார் வீரர் வெளியே போன பந்தைக் காலால் இழுத்து உள்ளே கொடுக்க, யூசெஃப் அய்மென் தட்டிவிட்டார். நடுவர் கோல் என்றார். அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் முறை கிடையாது. பிறகு 85-வது நிமிடத்தில் இன்னொன்று, 1-2. அநியாயம், சந்தேகமே இல்லை.

ஆனால் நான் அந்த ஆட்டத்தில் காரணத்தைத் தேட மாட்டேன். அதற்கு இரண்டரை மாதம் முன்னால், மார்ச் 26, குவாஹாட்டியைப் பாருங்கள். எதிரே ஆப்கானிஸ்தான். முன்னணி வீரர்கள் பலர் தங்கள் சங்கத்தோடு முரண்பட்டு வராத அணி, சொந்த மைதானம் இல்லாத அணி. ஐந்து நாள் முன்பு அப்ஹாவில் அவர்களோடு 0-0. குவாஹாட்டியில் சுனில் சேத்ரிக்கு அது 150-வது ஆட்டம். 38-வது நிமிடத்தில் பெனால்டியில் அவர்தான் கோல் போட்டார். 70-வது நிமிடத்தில் சமன். 88-வது நிமிடத்தில் குர்ப்ரீத் ஆளைத் தள்ளியதால் பெனால்டி, 1-2. அன்று 1-0 என்று பிடித்து நின்றிருந்தால், தோஹாவில் அதே அநியாயம் நடந்திருந்தாலும் இந்தியா 8 புள்ளியோடு குவைத்தின் 7-ஐத் தாண்டிப் போயிருக்கும். ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்தோடு ஒரு கோல் போட்டிருந்தாலும் போதும். 0-0.

ஆறு ஆட்டத்தில் இந்தியா போட்டது மூன்றே கோல். அதில் ஒன்று பெனால்டி. ஆப்கானிஸ்தானோடு ஆடிய 180 நிமிடத்தில், பெனால்டியை விட்டுவிட்டால், ஓடும் ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. உள்நாட்டு லீகில் அணிகள் முன்வரிசை இடத்தை வெளிநாட்டு வீரர்களுக்கே கொடுத்துப் பழகிவிட்டன. நாற்பதை நெருங்கும் சேத்ரியின் காலில் பந்து வந்தால்தான் கோல் என்ற நிலை அதிலிருந்து வந்தது. ஓய்வு பெற்றவரை 2025-ல் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று என்பதே போதுமான சாட்சி. எட்டு இடத்தைப் பதினாறாக்கினாலும் கோல் போட ஆள் இல்லாமல் இரண்டாம் சுற்றைத் தாண்ட முடியாது.

2025 நவம்பர் 18 அன்று மூன்று ஆட்டங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். பஸ்ராவில் ஈராக்கும் அமீரகமும் ஐந்தாம் சுற்றின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டம் 1-1. இதிலும் 1-1 என்று ஓடி, கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று இருந்தபோது வீடியோ நடுவர் கூப்பிட்டார். பந்து கையில் பட்டிருக்கிறது, பெனால்டி. 90-க்கு மேல் பதினேழாவது நிமிடம். அமீர் அல்-அம்மாரி அடித்தார், அரங்கமே எழுந்தது, ஈராக் பிளே-ஆஃபுக்குப் போனது. மற்ற இரண்டும் 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்கள், இந்தியாவின் பிரிவிலேயே. டாக்காவில் வங்காளதேசம் 1-0 என்று இந்தியாவை வென்றது, 22 வருடத்துக்குப் பிறகு. ஹாங்காங்கில் ஒரு கோல் பின்தங்கியிருந்த சிங்கப்பூர் திரும்ப வந்து 2-1 என்று வென்றது. உலகக் கோப்பை இரண்டாம் சுற்றில் ஆறு ஆட்டத்தில் ஒரே புள்ளி எடுத்திருந்த, ஹசன் சன்னி பதினோரு பந்து தடுத்த அதே சிங்கப்பூர், வரலாற்றில் முதல் தடவையாக, போட்டியை நடத்தும் நாடு என்ற சலுகை இல்லாமல் ஆடித் தகுதி பெற்று ஆசியக் கோப்பைக்குப் போகிறது.